ஒன்று, ஐந்து, ஆறு, நான்கு

நாற்பத்தாறு வயதில் எனக்குக் கிதார் கிறுக்குப் பிடித்தது. கிதார் என்னுடையது இல்லை, மகளுடையது. பள்ளியில் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கி, மூன்று மாதம் டொய்ங் டொய்ங் என்று தட்டிவிட்டு, கோயம்புத்தூருக்குக் கல்லூரி போகும்போது பீரோ மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போனாள். ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் அதை இறக்குவேன், துடைப்பேன், மறுபடி ஏற்றுவேன். போன கோடை விடுமுறையின் இரண்டாம் நாள் இறக்கினவள், ஏற்றவில்லை. துடைக்கும்போது துணி பட்டு ஒரு கம்பி அதிர்ந்தது. அந்தச் சத்தம் நின்று அடங்கும் வரைக்கும் கையில் துணியோடு அப்படியே நின்றிருந்தேன். பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, அதே கம்பியை வேண்டுமென்றே இன்னொரு தடவை தட்டினேன்.

நான் மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பிறந்த ஊர் விருதுநகர் பக்கம். வீட்டுக்காரருக்கு ஊர் முத்தாண்டிக்குப்பம். நிலக்கரிச் சுரங்கத்தில், கரி ஏற்றிப் போகும் கன்வேயர் பெல்ட்டைப் பராமரிக்கும் வேலை, பர்மனென்ட். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில்தான் ஓடியிருக்கிறது. அவருக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். ஒரு வாரம் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் உள்ளே வருவார். இன்னொரு வாரம் நான் திரும்பி வரும்போது அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போவார். சாப்பாடு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது, கேஸ் எப்போது வரும், இதுதான் எங்கள் பேச்சு. சண்டை எல்லாம் இல்லை. சண்டை போடவும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருக்க வேண்டுமே.

கிதாருக்கு வருகிறேன். போனில் தேடினேன். தாடி வைத்த ஒரு பையன் வீடியோவில், மூன்று சுரத்தை ஒரே நேரத்தில் ஒலிக்க விட்டால் அதற்குக் கார்டு என்று பெயர், நாலே நாலு கார்டு தெரிந்தால் போதும், நீங்களே பாட்டுக் கட்டலாம் என்றான். நம்பவில்லை. ஆனால் நாலுதானே, கற்றுக்கொண்டுதான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

ஜி, டி, ஈ மைனர், சி. இந்த நாலையும் பிடிக்கவே பத்து நாள் ஆயிற்று. விரல் நுனியெல்லாம் தோசைக்கல்லில் வைத்தது மாதிரி எரிந்தது. சியிலிருந்து ஜிக்கு விரலை மாற்றுவதற்குள் ஒரு டீ போட்டுவிடலாம். அதையும் அவர் தூங்கும் நேரத்தில் தட்ட முடியாது. அதனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி டின் மேல் உட்கார்ந்து, ஒரு துண்டைக் கம்பிக்கு அடியில் செருகி, சத்தம் வராத கிதாரை வாசித்தேன். சத்தமே வராமல் சங்கீதம் கற்றுக்கொண்டவள் இந்த பிளாக்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பதினோராம் நாள் அந்தத் தாடிப் பையன் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னைக் கவிழ்த்தது. கார்டை எழுத்தாக நினைக்காதீர்கள், எண்ணாக நினையுங்கள் என்றான். ஒரு ஸ்கேலில் ஏழு படி. ஒவ்வொரு படியிலும் ஒரு கார்டு உட்கார்ந்திருக்கிறது. ஜியில் தொடங்கினால் ஜிதான் ஒன்று. சி நான்கு. டி ஐந்து. ஈ மைனர் ஆறு. நான் இத்தனை நாள் தட்டிக்கொண்டிருந்தது ஒன்று, ஐந்து, ஆறு, நான்கு. வேறு சுருதியில் தொடங்கினால் எழுத்தெல்லாம் மாறிப்போகும். எண் மாறாது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அல்ஜீப்ரா! இருபது வருஷமாக எக்ஸ் என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதி எழுதித் தொண்டை வறண்டவள் நான். அந்த எக்ஸ் என் மடியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. மாதக் காலண்டரைக் கழற்றி, அதன் முதுகில் ஏழு கட்டம் போட்டு, ஒவ்வொரு ஸ்கேலுக்கும் அட்டவணை எழுதினேன். எழுதி முடித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். சிரிப்பு நிற்கவே இல்லை. அவர் எழுந்து வந்துவிட்டார்.

"என்னா பண்ணிக்கினு இருக்க?"

"கார்டு எழுதிட்டிருக்கேங்க."

"ரேஷன் கார்டா? அதான் போன மாசமே மாத்தியாச்சே."

"அந்தக் கார்டு இல்லைங்க. கிதார் கார்டு. ஜி, டி, ஈ மைனர், சி."

அவர் அட்டவணையை ஒரு சுற்றுப் பார்த்தார். "என்னா இது, எல்லாம் ஆபீசருங்க பதவிக்குப் போடுற எழுத்து மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

அதற்கப்புறம் எனக்கு எதைக் கேட்டாலும் எண்ணாகத்தான் கேட்டது. கோயில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் காய்கறியைக் கீழே வைத்துவிட்டு, இது ஒன்று, இது நான்கு, ஐயோ ஐந்துக்குப் போகிறான் பார் என்று விரலை மடக்குவேன். டி.வி.யில் சோப்பு விளம்பரம், எதிர் குவார்ட்டர்ஸ் கார் ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் இசை, ஐஸ் வண்டியின் மணி, எதையும் விடவில்லை. எல்லாமே அந்த நாலுக்குள் அடங்கவில்லை என்பது உண்மைதான். அடங்காத பாட்டின் மீது எனக்கு ஒரு கோபமே வந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தபோது என்னையறியாமல் ராகம் போட்டு எண்களை வாசித்துவிட்டேன். பிள்ளைகளும் அதே ராகத்தில் "உள்ளேன் டீச்சர்" என்று பாடிவிட்டார்கள். பக்கத்து வகுப்பு அறிவியல் டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார்.

வீட்டுக்காரர் பக்கம் இந்தக் கிறுக்கு தொற்றிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து, துண்டை எடுத்துவிட்டு மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தேன். ஜியிலேயே நின்றுவிட்டேன், அடுத்தது மறந்துவிட்டது.

"இப்ப மாறணும்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

டியைப் பிடித்தேன்.

"ம். இன்னும் நாலு தட்டு... இப்ப மாறு."

ஈ மைனர். சி. அவர் சொன்ன இடம் ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. சி முடியப் போகும்போது, "இப்ப வூட்டுக்கு வந்துடணும்" என்றார். ஜியைத் தட்டினேன். "அதான்" என்றார்.

கிதாரைக் கீழே வைத்துவிட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"இதுல என்னா இருக்குது? கிலோமீட்டர் கணக்குல பெல்ட்டு ஓடுது. ஆயிரம் ரோலர் சுத்துது. அதுல ஒரு ரோலர்ல பேரிங் போவப் போவுதுன்னா, பக்கத்துல நடந்தாலே காதுக்குத் தெரிஞ்சிடும். இருபத்தஞ்சு வருசமா இதத்தான் கேட்டுக்கினு இருக்கேன்."

இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். இவருக்கு இப்படி ஒரு காது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காதையே பார்த்தேன். "என்னா பாக்குற?" என்று கூச்சப்பட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அந்த வெயிலில் போர்வை!

அதிலிருந்து அவர் வந்ததும் முதல் கேள்வி, "இன்னிக்கி என்னா நம்பரு?" என்பதாகிவிட்டது. ஒன்று, ஐந்து, ஆறு, நான்கு என்று ஒரு நாள் போட்டுக் காட்டினேன். "இது கல்யாண வூடு" என்றார். இன்னொரு நாள் அதே நாலு கார்டையே ஆறிலிருந்து தொடங்கி வாசித்தேன். ஈ மைனர், சி, ஜி, டி. அவர் முகம் தொங்கிவிட்டது. "இது என்னா, யாரையோ பஸ் ஏத்தி வுட்டுட்டு வந்தாப்ல இருக்குது?" என்றார். அதே நாலுதான், முதலில் நிற்பவர்தான் மாறியிருக்கிறார் என்றேன். அவர் நம்பவில்லை. நாலு தடவை மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கல்யாண வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போய்ப் போய் வந்தோம்.

பாட்டு பிறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அவருக்கும் அன்றைக்கு லீவு. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் கையை நிறுத்தாமலே, "கொடியில காயுது உங்க சட்டை" என்றேன். போய் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றுதான் அர்த்தம். ஆனால் 'கொடியில' ஜியில் விழுந்தது, 'காயுது' டியில் விழுந்தது, 'உங்க' ஈ மைனரில், 'சட்டை' சியில். அவர் எழுந்திருக்கவில்லை. நான் சொன்னதையே திருப்பிச் சொன்னார். சொன்னாரா? பாடினார்.

"கொடியில காயுது என் சட்டை..."

குரல் கனமாக இருந்தது, கொஞ்சம் மண் ஒட்டின குரல். பெல்ட் ஓடுகிற சத்தத்துக்குள்ளே தினமும் பாடுவாராம். அங்கே யாருக்கும் கேட்காதாம். எனக்கும் கேட்டதில்லை.

"நிறுத்தாதீங்க" என்றேன். "பக்கத்துல என்ன காயுது?"

"உன் சேலை."

அரை மணி நேரத்தில் இவ்வளவு வந்துவிட்டது:

கொடியில காயுது என் சட்டை
பக்கத்துல காயுது உன் சேலை
நான் வர்ற நேரம் நீ இல்லை
நீ வர்ற நேரம் எனக்கு வேலை
காத்து வந்தா ரெண்டும் தொட்டுக்குது
நம்மள வெச்சு சிரிச்சுக்குது

கடைசி இரண்டு வரியும் அவருடையது. சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுக் கூரையைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மழை எப்போது பிடித்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. கீழ் வீட்டம்மா, "டீச்சர்! துணி!" என்று கத்தியபோது சட்டையும் சேலையும் சொட்டச் சொட்ட நனைந்து, ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு தொங்கின. வாசலில் நின்று பார்த்துவிட்டு, எடுக்கக்கூடப் போகாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கீழ் வீட்டம்மா எங்களை விநோதமாகப் பார்த்தார்.

அன்றைக்கே மகளுக்கு வீடியோ காலில் பாடிக் காட்டினோம். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நல்லாருக்கும்மா. ஆனா இது எல்லாரும் போடுற கார்டு தெரியுமா? உலகத்துல பாதிப் பாட்டு இதுலதான் இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம், "எல்லாரும் போடுறதுனாலதான்டி எங்க வீடு வரைக்கும் வந்து சேந்துச்சு" என்றேன். அவளுடைய அப்பா பின்னால் இருந்து, "ரோடும்தான் எல்லாருக்கும் பொது. அதுக்குன்னு நடக்காம இருக்கியா?" என்றார். "சரி சரி, ரெண்டு பேரும் சண்டைக்கு வராதீங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

அவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த ஒரு மூத்தவர் அந்த ஜூலை மாதக் கடைசியில் ரிட்டயர் ஆனார். எங்கள் பிளாக்தான். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மனைவியோடு தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறார். பிளாக் ஹாலில் ஒரு சாயங்காலம் வழியனுப்பு விழா வைத்தார்கள். வீட்டுக்காரர் பேச்சுவாக்கில் யாரிடமோ, "நானும் எங்க வூட்டுக்காரம்மாவும் ஒரு பாட்டு பாடுறோம்" என்று சொல்லிவிட்டார்.

ஒத்திகையில் ஒரு சிக்கல். நின்றுகொண்டு பலமாகப் பாடினால் அவர் குரல் ஜியில் நிற்கவில்லை, மேலே மேலே ஏறியது. அட்டவணையைப் பார்த்தேன். ஏ ஸ்கேலுக்குப் போனால் சரியாகும், ஆனால் அந்தக் கார்டுகள் என் விரலுக்குப் புதுசு. கம்பியை அழுத்துகிற கிளிப் ஒன்று உண்டு. கிதார் கழுத்தில் மாட்டினால், பழைய விரல் பிடியிலேயே சுருதி ஏறிவிடும். மந்தாரக்குப்பம் கடைவீதி முழுக்கக் கேட்டோம், கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பென்சிலைக் கம்பிகளுக்குக் குறுக்கே, இரண்டாம் கட்டத்தில் வைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினார் அவர். பெல்ட்டை இழுத்துக் கட்டுகிற அதே முகத்தோடு செய்தார். தட்டினேன். சுருதி ஏறியிருந்தது! ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் பிடுங்கின பென்சில் அது. காலாண்டுத் தேர்வு வரை அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

விழா அன்று ஹாலில் ஐம்பது, அறுபது பேர். மாலை, சால்வை, பேச்சு எல்லாம் முடிந்து எங்களைக் கூப்பிட்டார்கள். வகுப்பில் அறுபது பேர் முன்னால் நிற்காத நாள் கிடையாது எனக்கு. அன்றைக்கு அது எதற்கும் உதவவில்லை. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் முதல் கார்டைத் தட்டினேன்.

தப்பு. ஒன்றில் தொடங்க வேண்டியவள் ஆறில் தொடங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரிசை. காதில் விழுந்த அந்த நொடியே தெரிந்துவிட்டது, ஆனால் கை ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்தத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது. புருவம் லேசாக ஏறியது. ஆனாலும் பாடத் தொடங்கிவிட்டார். மெதுவாக, அந்தக் கார்டுக்குத் தகுந்த மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"நான் வர்ற நேரம் நீ இல்லை... நீ வர்ற நேரம் எனக்கு வேலை..."

சிரிப்பதற்காகக் கட்டின பாட்டு. ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ரிட்டயர் ஆனவருடைய மனைவி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவும் ஒற்றினார். அப்புறம் வரிசையாக. அங்கே இருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஷிஃப்ட் அட்டவணை தொங்குகிறதே! வழியனுப்ப வந்த இடத்தில் ஊரையே அழ வைத்துவிட்டோமே என்று எனக்குப் பயம் வந்தது.

சட்டென்று அவர் கையை உயர்த்தினார். மைக்கில் சத்தமாக, "நிறுத்து, நிறுத்து! பெல்ட்டு ரிவர்ஸ்ல ஓடுது!" என்றார்.

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் சுரங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். பின்னால் இருந்து ஒருவர், "ஆபரேட்டர் யாருய்யா?" என்று கத்தினார். "ஆபரேட்டர் கணக்கு டீச்சருங்க!" என்றார் இவர். நான் தலையைக் குனிந்துகொண்டு, பென்சிலைச் சரிசெய்து, ஜியை அழுத்திப் பிடித்து, பலமாகத் தட்டினேன். இந்தத் தடவை கல்யாண வீடு. 'காத்து வந்தா ரெண்டும் தொட்டுக்குது' வருவதற்குள் ஹால் முழுக்கக் கைதட்டித் தாளம் போட்டது. ரிட்டயர் ஆனவர் கழுத்தில் மாலையோடு எழுந்து, மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மா, "ஐயய்ய, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து நின்றார். கடைசி இரண்டு வரியை ஆறு தடவையோ ஏழு தடவையோ பாடினோம். முடிக்க விடவே இல்லை.

மறுநாள் காலையில் அந்த அம்மா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். "டீச்சர், தப்பா பாடினீங்கள்ல, அத ஒரு தடவை பாடி போன்ல பிடிச்சுத் தாங்க. ஊருக்குப் போயிக் கேட்டுக்கிடுதேன்" என்றார். இரண்டையும் பதிவு செய்து கொடுத்தோம். தப்பை வேண்டுமென்றே சரியாக வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று தடவை எடுத்தோம்.

யாரோ போட்ட வீடியோ எப்படியோ சுற்றி மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. "அம்மா, அந்த முதல் வெர்ஷன்ல எங்க இருந்து ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு அது புதுசு. "ஆறுல இருந்து" என்றேன், சமையலறையில் நின்றுகொண்டு, பெரிய வித்வான் மாதிரி. போனை வைத்ததும் ஒரு குதி குதித்தேன். நாற்பத்தாறு வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான், முழங்கால் இரண்டு நாள் அதைச் சொல்லிக் காட்டியது.

இப்போது இரண்டாவது பாட்டில் நிற்கிறோம். பலாப்பழத்தைப் பற்றி. போன வாரம் பண்ருட்டிப் பக்கமிருந்து முழுப் பழம் ஒன்று வந்தது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் குளியலறையிலிருந்து கத்தினார்: "சரணத்துக்கு மெட்டு வந்துடுச்சி! ரெண்டுல ஆரம்பிக்கணும்! ஓடிப் போயி கிதார எடு!"

"கையெல்லாம் பிசினுங்க! நான் எப்படித் தொடுறது?"

"மறந்துடுவேனே!"

ஈரத் தலையும் துண்டுமாக ஓடி வந்தார். அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு அவரே கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை மாதத்தில் அதை அவர் தொட்டது, பென்சில் கட்டின அன்று மட்டும்தான். "எந்த வெரலு எங்க?" என்றார். நான் கத்தியாலேயே காற்றில் காட்டினேன். ஆள்காட்டி விரல் இங்கே, நடு விரல் அதற்கு மேலே, மோதிர விரல் அதற்குக் கீழே. பெரிய பெரிய விரல்கள். ஒன்று இன்னொன்றின் மேல் ஏறியது. தட்டினார். இரண்டு கம்பி பாடியது, ஒன்று செத்த மாதிரி டொக்கென்றது.

"விரலைக் கொஞ்சம் நிமித்துங்க" என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்த்தினார். மறுபடி தட்டினார். வந்தது.